நிரவலில் வினா: மனோதர்மமும் அதன் நிலைபேறும்

கருநாடக இசையின் மனோதர்ம வகைகளுள், இயற்றப்பட்ட ஓர் அடியின் சொல்லுக்கும் தாளத்துக்கும் ஒருசேரக் கட்டுப்பட்டது நிரவல். தேர்ந்த அடியின் சொற்களும், தாளத்தில் அவை விழும் இடங்களும் பெரும்பாலும் மாறா. சுர வடிவம் மட்டுமே ஆவர்த்தனந்தோறும் புதிதாகும். மனோதர்மத்தைத் தடையற்ற கற்பனை எனப் போற்றும் திறனாய்வு இக்கட்டுப்பாட்டைக் குறையாகக் கருதிக் கடந்துவிடுகிறது. நிரவல் பொருளுடையதாகவும் நினைவில் தங்குவதாகவும் அமைவது இக்கட்டுப்பாட்டினாலேயே ஆகும்.

கரகரப்பிரியா இராகத்தில் தியாகராசர் இயற்றிய 'பக்கல நிலபடி' இதற்குத் தக்க சான்று. இராமனின் இருபுறமும் நின்று தொழும் சீதையையும் இலக்குவனையும் நோக்கி எழுந்த கீர்த்தனை இது. சரணத்தில் மூன்று வினாக்கள் அடுக்கப்படுகின்றன: உடலால் வணங்குகின்றனரா, அன்போடு நாமம் பாடுகின்றனரா, மனத்தால் எண்ணித் தம்மை மறந்தனரா? மெய், மொழி, மனம் என்று ஏறும் இவ்வரிசையில் மூன்றாவது வினாவே மேடையில் நிரவலுக்குப் பெரிதும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்தேர்வு தற்செயலானதன்று. முதலிரண்டும் கண்ணுக்கும் செவிக்கும் புலனாவன. மூன்றாவதோ வெளியிலிருந்து அறிய இயலாதது. ஆகவே அதனைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பாடலுக்குள்ளேயே நியாயம் இருக்கிறது.

எனவே ஒவ்வொரு சுற்றும் வினாவாகவே முடிதல் வேண்டும். ரிஷபத்தையும் காந்தாரத்தையும் பற்றிக் கீழ்க்காலத்தில் மெல்ல விரியும் நிரவலில் இது இயல்பாகக் கைகூடுகிறது. மேற்காலம் வந்ததும் சிக்கல் எழுகிறது. மெய்யைக் குறிக்கும் சொல்லுக்கும் மறத்தலைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே மூச்சு விழுந்தால் வினா சிதைந்து அசைகளே எஞ்சுகின்றன. தெலுங்கு அறியாமையை இதற்குக் காரணமாகக் கூறுவதும் பொருந்தாது. அவ்விரு சொற்களும் தமிழின் 'மெய்ம்மறத்தல்' என்பதோடு உறவுடையவை. ஆயினும் அரங்கின் கைதட்டல் அவ்விடத்தில்தான் மிகுகிறது. விரைவையும் கோர்வைக் கணக்கையும் அளக்கும் விமரிசனமும் அக்கைதட்டலையே வழிமொழிகிறது.

நிலைபேறு என்பது பதிவு செய்யப்படுவதால் மட்டும் வருவதன்று. ஒலிப்பதிவை மறுமுறை கேட்கும்போது கணக்கின் வியப்பு தேய்கிறது. எண்ணிக்கை முன்பே தெரிந்துவிடுகிறது. சொல்லின் பொருளோடு இசைந்த ஒரு பிடியோ மாணாக்கர் குரலில் மீண்டும் ஒலிக்கிறது. சிலபோது கீர்த்தனையின் சங்கதியாகவே ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இதற்கான நேரடிச் சோதனை பக்க இசையில் நிகழ்கிறது. வயலினில் சொல் இல்லை. பாடகர் விட்ட இடத்தில் அது தொடரும்போது கேட்போரே சொற்களை மனத்தில் இட்டு நிரப்புகின்றனர். பாடகர் வினாவைக் காத்திருந்தால் வில்லின் இறுதி இழுப்பிலும் அவ்வினா கேட்கிறது. காக்கத் தவறியிருந்தால், வயலின் எத்துணைத் தேர்ந்த கையில் இருப்பினும், அங்கு எஞ்சுவது கரகரப்பிரியா மட்டுமே.