ஒற்றை வரிக்கு ஒரு மேடை வாத்தியம்

காஞ்சிபுரத்துப் பாட்டுகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கீர்த்தனைகளோடு நின்றுவிடுகிறார்கள். சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளின் கருடசேவையைத் தியாகராஜர் ஸ்வரபூஷணி ராகத்தில் பாடினார். முத்துசுவாமி தீட்சிதர் ஏகாம்பரநாதரைப் பைரவியில் பாடினார். இவற்றுக்கு முத்திரை உண்டு, பதிப்பு உண்டு, பாடாந்தர விவாதமும் உண்டு. ஆனால் இதே ஊர்க்காரர் ஒருவர், ஒரே வரி நீளமுள்ள பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு, மேடை நிறைய வாத்தியக்காரர்களோடு அதை நெடுநேரம் சோதித்துப் பார்த்தார். அந்தப் பல்லவிகளின் வரலாறு இன்னும் துண்டுதுண்டாகவே கிடக்கிறது. நம் இசையில் பரிசோதனைக் குழு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் ‘ஃபுல் பெஞ்ச்’சைத்தான் முதலில் சொல்வேன்.

நாயனாப் பிள்ளையின் (1889–1934) இயற்பெயர் சுப்பிரமணிய பிள்ளை. தாய் காமாட்சி அம்மாளும் அவருடைய சகோதரி தனகோடி அம்மாளும் சேர்ந்து பாடிப் பெயர் பெற்றவர்கள். இசை வேளாளர் வீட்டுப் பெண்களின் பாட்டுதான் அவருடைய அடித்தளம். அவரைத் தாள வல்லவர் என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் இதை ஒரு வாக்கியத்தில் தாண்டிப்போவது பெரிய குறை.

வயலினும் மிருதங்கமும் போதும் என்றிருந்த கச்சேரியை அவர் விரித்தார். மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளையின் வயலின், கும்பகோணம் அழகநம்பிப் பிள்ளையின் மிருதங்கம், புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கஞ்சிரா, மன்னார்குடி பக்கிரியாப் பிள்ளையின் கொன்னக்கோல், இவற்றோடு கடம், மோர்சிங், டோலக் என்று மேடை நிரம்பியது. இதுதான் அந்த ‘ஃபுல் பெஞ்ச்’. இவற்றில் கஞ்சிரா அன்று கச்சேரிக்குப் புதுசு. தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் குரு மாமுண்டியா பிள்ளைதான் அதற்கு மேடையில் இடம் வாங்கிக் கொடுத்தவர். கொன்னக்கோலோ வாயால் சொல்லும் சொற்கட்டையே தனி வாத்தியமாக்கியது.

இத்தனை பேருக்கும் வேலை கொடுத்தது ஒரு சின்ன வரி. பல்லவியில் சாகித்தியம் சில சொற்கள்தான். அதன் நடுவில் அருதி என்ற நிறுத்தம் ஒன்று இருக்கும். தாளத்தின் எந்த இடத்தில் வரி தொடங்குகிறதோ அது எடுப்பு. தாளம் தொடங்கும் இடமான சமத்தில் எடுக்காமல் அரை, முக்கால் இடம் தள்ளி எடுத்தால் பாடுகிறவரும் வாசிக்கிறவரும் கடைசிவரை விழித்திருக்க வேண்டும். சொல்லை மாற்றாமல் ராகத்தை விரிப்பது நிரவல். தாளத்தை அப்படியே வைத்து வரியை இரண்டாம் காலத்திலும் மூன்றாம் காலத்திலும் பாடுவது அனுலோமம். ஓர் ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை வந்த வரி இப்போது இரண்டு முறை, பிறகு நான்கு முறை வரும். வரியை நிறுத்திவைத்துத் தாளத்தின் வேகத்தை மாற்றுவது பிரதிலோமம். இதற்கெல்லாம் மேலே, ஓர் எண்ணிக்கைக்கு நான்கு என்று நடந்துகொண்டிருந்ததை மூன்றாகவும் ஐந்தாகவும் நடையை மாற்றிப் பார்க்கலாம். எவ்வளவு மாற்றினாலும் அருதி தன் இடத்தில் வந்து விழ வேண்டும். கோணல் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விதி, மாற்றம், எல்லார் முன்னிலையிலும் விடை: பரிசோதனை என்ற சொல்லுக்கு இவ்வளவு நேராகப் பொருந்தும் இசை வடிவங்கள் உலகில் அதிகம் இல்லை. அமெரிக்கர் ஸ்டீவ் ரைக் 1972இல் 12 எண்ணிக்கைகொண்ட ஒரே கைத்தட்டல் அமைப்பை எடுத்து, இருவரில் ஒருவர் அதை ஓரோர் எண்ணிக்கையாகத் தள்ளிக்கொண்டே போகும்படி ஒரு சிறு படைப்பு செய்தார். பல்லவி கேட்டுப் பழகிய காதுக்கு அதன் தர்க்கம் உடனே பிடிபடும்.

இந்தப் பழக்கத்தின் வேரைக் கச்சேரி சபாக்களில் மட்டும் தேடுவது போதாது. சுவாமி புறப்பாட்டுக்கு நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரியும் சிறிய அமைப்புதான், சாகித்தியமே கிடையாது. கம்பீர நாட்டையில் அதைத் திரிகாலம் செய்து வாசிக்கிறார்கள். தவில்காரர் வாயால் சொல்லிப் பாடம் பண்ணும் சொற்கட்டுக்கும் கொன்னக்கோலுக்கும் உள்ள உறவு வெளிப்படையானது. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதர் கருட வாகனத்தில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து பெரிய காஞ்சிபுரம் போய்வரும் ஊரில், பல்லவிக்குச் செவி பழக்கும் பள்ளி தெருவிலேயே இருந்தது. நாகசுர, தவில் கலைஞர்களைப் பற்றிப் பி. எம். சுந்தரம் சேர்த்துவைத்த செய்திகளைப் பல்லவி ஆய்வாளர்கள் இன்னும் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

நாயனாப் பிள்ளை திருப்புகழுக்குச் செய்ததையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். வ. த. சுப்பிரமணிய பிள்ளை 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டிய திருப்புகழ் அடிகளால் ஈர்க்கப்பட்டு, ஏடுகளைத் தேடி, 1894இல் முதல் தொகுதியை அச்சிட்டார். பாடல் கிடைத்தது, அருணகிரிநாதர் காலத்து மெட்டு கிடைக்கவில்லை. மிஞ்சியது சந்தம். அடிதோறும் அதே அளவில் திரும்பும் சந்தம், முடிவில் ஒரு தொங்கல். அந்தச் சந்தக் கணக்கையே தாளமாக எடுத்துக்கொண்டு, அபூர்வத் தாளங்களில் மெட்டமைத்து, திருப்புகழைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் நாயனாப் பிள்ளை முதன்மையானவர். பல்லவியில் கணக்கு பாடகர் கையில். திருப்புகழில் அது புலவர் ஏற்கெனவே கட்டிவைத்தது. இரண்டையும் ஒரே மனம்தான் கையாண்டது.

அந்தக் குழு நீடிக்கவில்லை. கோவிந்தசாமிப் பிள்ளை 1931இல் மறைந்தார், நாயனாப் பிள்ளை 1934இல், தட்சிணாமூர்த்திப் பிள்ளை 1936இல். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறை அப்போது வேரூன்றிக்கொண்டிருந்தது. பல உருப்படிகள், அளவான ஆலாபனை, சுருக்கமான பல்லவி. அது சபைக்கு ஏற்ற நல்ல முறைதான், சந்தேகமில்லை. ஆனால் மேடையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரு வரியை அலசுவதற்கு அதில் இடமில்லை. பிற்காலத்தில் தாளவாத்தியக் கச்சேரி என்று தனியாக ஒன்று வளர்ந்தது. 1970களில் கடம் விக்கு விநாயக்ராம் ‘சக்தி’ குழுவில் வாசித்து இந்தக் கணக்குகளை மேல்நாட்டு மேடைகளுக்குக் கொண்டுபோனார். அவற்றிலெல்லாம் தாளம் நிமிர்ந்து நின்றது. வரி மட்டும் கழன்றுபோனது.

வரி பிழைத்தது சீடர்களிடம்தான். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை நேர்ச்சீடர். வீணை தனம்மாளின் பேத்தி பிருந்தா காஞ்சிபுரத்தில் தங்கி நாயனாப் பிள்ளையிடம் கற்றார். 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்த டி. கே. பட்டம்மாள் அவரிடம் முறையாகப் பயின்றவர் அல்லர். சிறுமியாக அவருடைய கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர். பல்லவி ஆண்களின் வித்தை என்று கருதப்பட்ட காலத்தில், கடினமான தாளங்களில் மேடையேறிப் பாடி ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார். தனகோடி அம்மாள் வீட்டிலிருந்து வந்த கலை மறுபடியும் ஒரு பெண்ணின் குரலில் மேடையேறியதைக் காஞ்சிபுரம் கொண்டாடியிருக்க வேண்டும்.

இந்தத் துறையில் அடுத்து நடக்க வேண்டியது தொகுப்பு வேலை. சீட வழியில் வந்தவர்களின் நோட்டுப் புத்தகங்களில் உள்ள பல்லவிகளை ஸ்வரத்தோடு மட்டும் பதிப்பித்தால் பாதிதான் கிடைக்கும். ஒவ்வொரு வரிக்கும் தாளம், களை (தாளத்தின் ஓர் எண்ணிக்கையை எத்தனை முறை போடுவது என்பது), எடுப்பு, அருதி, பாடிய நடைகள் ஆகியவை குறிக்கப்பட வேண்டும். கீர்த்தனைக்கு வாக்கேயக்காரர் பெயர் போதும். பல்லவிக்குத் தெரிந்தமட்டிலும் வயலின், மிருதங்கம், கஞ்சிரா, கொன்னக்கோல் யார் யார் என்பதையும் அதன் கீழே எழுத வேண்டும். அந்த மேடையில் வரியை ஆக்கியவர்களில் அவர்களும் சேர்த்தி.