கணக்கில் வராத படலம்

அச்சு வேண்டாம், அழுத்தம் வேண்டாம், ஒளிக்கற்றையை ஓட்டினால் தகடு தானே மடியும். லேசர் வளைப்பின் புகழுரைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. பொய்யில்லை. சூடான மேற்பரப்பு விரிய இடமில்லாமல் நசுங்கி, ஆறும்போது சுருங்கித் தகட்டைக் கற்றையின் பக்கம் இழுக்கிறது. ஒன்றிரண்டு உருப்படிக்காக அச்சு வெட்டும் செலவும் மிச்சம். எஃகில் இது நன்றாகவே நடக்கிறது.

அலுமினியத்தில்தான் சிக்கல். துப்புரவான அலுமினியம் கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10.6 மைக்ரான் ஒளியில் 5 சதவீதத்தைக்கூட ஏற்பதில்லை. மேலே ஆக்சைடு இருக்கிறதே, அது உறிஞ்சிக்கொள்ளாதா என்கிறார்கள் ஆதரவாளர்கள்.

எந்த ஆக்சைடு? காற்றுபட்டுத் தானாகப் படிவது சில நானோமீட்டர்தான். எஃகின் ஆக்சைடு சூடேறச் சூடேறத் தடித்துக் கறுத்து மேலும் வெப்பம் வாங்கும். அலுமினியத்தின் படலம் நிறமற்றது, தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்வது. அலுமினியம் துருப்பிடித்து உதிராமல் இருப்பதே அதனால்தான்.

அனோடைஸ் செய்து ஆக்சைடைத் தடிக்கவைத்தால்? 10, 20 மைக்ரான் தடித்த படலம் 10.6 மைக்ரான் ஒளியை நன்றாகவே வாங்கும், மறுக்கவில்லை. ஆனால் இன்று பட்டறைகளில் பரவியிருக்கும் பைபர் லேசரின் 1 மைக்ரான் ஒளி அதை ஊடுருவி, அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடுகிறது. கறுப்புச் சாயம் ஏற்றினால் முதல் ஓட்டத்தில் சூடேறும், பிறகு சாயம் வெளுத்துவிடும். கறுப்புப் பெயர்ப்பலகையில் லேசரால் வெள்ளை எழுத்துப் பொறிப்பது இந்த வெளுப்பை நம்பித்தானே! போதாக்குறைக்கு, உலோகம் விரியும் அளவுக்கு ஆக்சைடு விரிவதில்லை. 100 டிகிரி செல்சியசை ஒட்டியே அனோடைஸ் படலத்தில் மயிரிழை விரிசல் விழத் தொடங்கும். வளைப்புக்கு வேண்டிய சூடோ அதைவிடப் பல மடங்கு. காப்புக்காக ஏற்றிய படலத்தை, காப்பு அதிகம் வேண்டிய மடிப்பிலேயே உடைப்பதற்குப் பெயர் தீர்வா?

ஆய்வுக்கூடங்கள் இதைச் சுற்றிப் போக கிராபைட் தெளிக்கின்றன. அதுவும் ஓட்டத்துக்கு ஓட்டம் எரிந்து தேய்கிறது. அவர்களின் ஆய்வுக் கட்டுரைகளில் ஆற்றல், வேகம், கற்றையின் விட்டம் எல்லாம் தசமப் புள்ளி வரை வரும். மேற்பரப்பின் நிலைக்கு ஒரு வரி, சிலவற்றில் அதுவும் இல்லை. உறிஞ்சுதல் 5 சதவீதத்திலிருந்து 10 ஆனால் உள்ளே போகும் வெப்பம் இரட்டிப்பாகிறது. உருட்டாலை எண்ணெயோ கைரேகையோகூட அதை மாற்றப் போதும். உறிஞ்சுதலின் அளவை விட்டுவிட்டுத் தரும் வளைவுக் கோணம் எந்தத் தகட்டுக்கு உரியது?

கோண அட்டவணை வெளியிடுவோர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உறிஞ்சுதலை அளந்து பக்கத்தில் எழுதட்டும். அதுவரை அலுமினியத்துக்கு, அச்சில் அழுத்தி மடிக்கும் பிரஸ் பிரேக்கே போதும்.