வெயில் கேட்கும் ஆவாரை

ரோட்டோரச் செடிக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று சீர்காழியில் இன்றும் கேட்கிறார்கள். மஞ்சள்தானே வேண்டும், தங்க அரளி வையுங்கள், வருஷம் பூராவும் பூக்கும் என்பது அவர்கள் கட்சி. பூக்கும்தான். ஆனால் அந்தக் குழல் பூவை ஒருமுறை பார்த்தால் பார்த்து முடிந்துவிடும்.

ஆவாரை அப்படியில்லை. மாசிக் காலையில், வெயில் ஏறியபின் ஒரு கொத்தின் அருகே நின்று பாருங்கள். ஐந்து இதழ்களும் ஒரே அளவில் இரா. ஓரம் சுருங்கி, நரம்புகளில் ஆரஞ்சு ஓடியிருக்கும். பத்துக் கேசரங்களில் மேல் மூன்று மலடு. கீழே மூன்று மட்டும் நீண்டு வளைந்து நிற்கும். மகரந்தம் தானாகக் கொட்டாது, நுனித் துளை வழியாகத்தான் வரவேண்டும். மரம் குடையும் கருவண்டு பூவை இறுகப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். அப்போதுதான் பொடி தெறிக்கும். பறந்து வரும்போது ஒரு சுருதி, பூவைப் பற்றியதும் அதற்கு மேல் ஒரு சுருதி. அந்த மாற்றத்தைக் கேட்பதற்காகவே நான் இந்தச் செடியை வளர்க்கிறேன்.

நம் ஊர்க் களிமண் இதற்கு ஆகாது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியபோது பள்ளத்தில் இருந்த செடிகள் வேர் அழுகிப் போயின. மணல் கலந்து மேடு கட்டி வைத்தது நின்றது. எரு போடாதீர்கள். போட்டால் தழைதான் மண்டும், பூ குறையும். நிழலில் வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். இலையை மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு தின்னும். தின்னட்டும், மருந்தடிக்க வேண்டாம்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய பூக்களில் ஆவிரையும் ஒன்று. இன்று அதை டப்பாப் பொடியாகத்தான் பலருக்குத் தெரியும். சர்க்கரைக்கு நல்லது, முகத்துக்கு நல்லது என்கிறார்கள். பூ அழகாயிருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. பூம்புகார் ரோட்டில் சைக்கிள் மிதித்த வயதில் வழியெல்லாம் கண்ட புதர்களை இப்போது தேட வேண்டியிருக்கிறது. நர்சரியில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சித்திரையில் திருமுல்லைவாசல் மணல் பக்கம் போனால் காய்ந்த நெற்றாகக் கிடைக்கும். விதையை வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து, ஆடியில் நேரே நிலத்தில் ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் ஆணிவேர் பொறுக்காது.