சகுணாவின் பாதியில் நின்ற படிப்பு

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் மூத்தவர் ஒருவர் காலமானால் ஒரு நினைவு மலர் வரும். பாட்டனார் உபதேசியார், தகப்பனார் தலைமையாசிரியர், மகன் டொக்டர், மருமகள் ஆசிரியை. இப்போது இந்த மலர்கள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் தபாலில் வருகின்றன. அந்த வரிசையில் ஒருவர்கூடப் பரீட்சையில் தவறியிருக்கமாட்டார். படிப்பைப் பாதியில் விட்டவர்களை இந்தக் குடும்பங்கள் எந்தப் பக்கத்தில் வைக்கின்றன என்று நான் யோசிப்பதுண்டு.

மெட்ராஸ் சத்தியநாதன் குடும்பம் இப்படியொரு மலருக்கு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஜான் தேவசகாயம் 1830இல் ஆங்கிலிக்கன் திருச்சபையில் அபிஷேகம் பெற்றவர், தென்னிந்தியச் சுதேசிகளில் முன்னோடி. அவருடைய மகள் அன்னா மெட்ராசில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடங்கள் நடத்தினார். அன்னாவின் கணவர் டபிள்யூ. ரி. சத்தியநாதன், இந்துக் குடும்பமொன்றில் பிறந்து, மாணவனாக இருக்கையில் மதம் மாறிப் போதகரானவர். இவர்களின் மகன் சாமுவேல் கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்து பிரசிடென்சிக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். சாமுவேலின் முதல் மனைவி கிருபாபாய், அவர் இறந்தபின் கமலா. கமலாவின் மகள் பத்மினி சென்குப்தா தாயின் வாழ்க்கையை 1956இல் நூலாக்கினார். 2005இல் யூனிஸ் டி சூசா இந்தக் குடும்பத்தின் எழுத்துகளைத் திரட்ட, சாகித்திய அகாதமி அதை வெளியிட்டது. அத் தொகுப்பின் பெயரே 'சத்தியநாதன் ஃபமிலி அல்பம்'.

அல்பத்தில் எல்லோரும் நேராக நிற்பார்கள். கிருபாபாயின் 'சகுணா'வில் அப்படி நிற்பதில்லை. அதனால்தான் அந்த நாவலைப் பற்றி எழுதவேண்டும் போலிருக்கிறது.

'சகுணா' 1887–88இல் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரிச் சஞ்சிகையில் தொடராக வந்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கிருபாபாயின் சொந்த வாழ்க்கையே பெரும்பாலும் கதை. 1998இல் சந்தனி லொகுகே பதிப்பித்து ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட பிரதிதான் நான் வாசித்தது. விசுவாசமும் கல்வியும் ஒரு பெண்ணை உயர்த்திய கதை என்று இதைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். நாவல் தொடங்குவதோ சகுணாவில் அல்ல, அவளின் தாய் ராதாவில். அவளொரு பிராமணச் சிறுமி, குழந்தை மணப்பெண். கணவன் கிறிஸ்துவைத் தேடிப் போனபோது அவளை ஒருவரும் கேட்கவில்லை. அவளைக் கிறிஸ்தவ வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பது சுவிசேஷமல்ல. கணவன் இருக்கும் இடமே மனைவியின் இடம் என்ற பழைய இந்துத் தர்மந்தான். விசுவாசம் பிறகு, மெல்ல மெல்ல வருகிறது. ஊரை, உறவை, சமையலறையின் ஆசாரத்தை இழந்த அந்தப் பெண்ணின் துக்கத்தைக் கிருபாபாய் மூடி மறைக்கவில்லை. மதமாற்றத்தை மகிமையாக மட்டும் எழுதவேண்டிய இடத்திலிருந்துகொண்டு இதை எழுதியது சின்னக் காரியமல்ல. தன் விருப்பமில்லாமல் எல்லை கடந்த எவருக்கும் ராதாவை விளங்கும்.

அடுத்தது படிப்பு. கிருபாபாய் 1862இல் அகமத்நகரில் பிறந்தவர். மருத்துவம் படிக்க இங்கிலாந்து போகும் வாய்ப்பு வந்தது, உடல்நிலை விடவில்லை. 1878இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அங்கே பெண்களைச் சேர்க்கத் தொடங்கி மூன்று வருடங்கள்தான். தங்கியது போதகர் சத்தியநாதனின் வீட்டில். முதல் வருடம் திறமையாகச் செய்தார். அதன்பின் உடல் முறிந்தது, படிப்பு நின்றது. 1881இல் சாமுவேலைத் திருமணம் செய்தார்.

இந்த இடத்தில் நாவல் அவசரப்படுகிறது. இத்தனை ஆசையோடு போன பெண் புத்தகத்தை மூடிவைத்த நாளைப் பற்றி நமக்கு அதிகம் கிடைப்பதில்லை. சீக்கிரமே சீமையிலிருந்து திரும்பிய வாலிபன் வருகிறான், கதை முடிகிறது. கல்யாணம் அந்த இழப்பை ஈடுசெய்துவிட்டது போல. எனக்கு இது பொய்யாகப் படுகிறது. நானும் இரண்டாம் வருடத்தோடு கம்பஸை விட்டவன். காரணம் வேறு, கோப்பை கழுவும் இடமும் வேறு. இருந்தாலும் அந்த வெற்றிடம் ஒரு பந்தியில் தாண்டக்கூடியதல்ல என்று தெரியும். கிருபாபாய்க்கும் தெரிந்திருக்கும். கணவனின் குடும்பமும் மிஷன் வாசகர்களும் பார்த்துக்கொண்டிருக்க, அவரால் எழுத முடிந்தது இவ்வளவுதானோ என்னவோ.

சேவை என்ற சொல்லையும் இங்கேதான் திருப்பிப் பார்க்கவேண்டும். உதகமண்டலத்தில் முஸ்லிம் சிறுமிகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கியது, நாவல் எழுதியது எல்லாம் நோயாளியான ஒரு பெண் செய்த வேலைகள். இடையில் பெற்ற ஒரே குழந்தையையும் பறிகொடுத்தார். 'கமலா' நாவல் 1894இல் வந்தது. அதே வருடம் ஆகஸ்டில், 32 வயதில் இறந்தார்.

நாவலில் எனக்கு ஒத்துக்கொள்ள முடியாதது சாதி. வெள்ளைக்கார மிஷனரிப் பெண்களின் மேட்டிமையைச் சகுணா சுடச்சுடக் கேட்கிறாள். அந்தக் கோபம் அழகானது. ஆனால் அதன் அடியில் பிராமணக் குலத்துப் பெருமிதம் கசிகிறது. அகமத்நகரில் மிஷனோடு சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் மகார், மாங் மக்கள். 'சுதேசக் கிறிஸ்தவ வாழ்க்கை' என்று தன் கதைக்கு உபதலைப்பிட்டவர், அந்த மக்களைக் கதையின் நடுவுக்கு வர விடவில்லை. இதை மராத்தியப் பிராமணரின் பிரச்சினை என்று நாங்கள் தள்ளிவிட முடியாது. அகமத்நகரில் வேலை செய்த அதே அமெரிக்கன் போர்ட்தான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது, 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும் 1824இல் உடுவில் பெண்கள் பள்ளியையும் தொடக்கியது. எங்கள் கோயில்களில் யார் வாங்கில் இருந்தார்கள், யார் நிலத்தில் இருந்தார்கள் என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். நினைவு மலர்களில் அது வருவதில்லை.

கமலாவைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். அவர் 1901இல் தொடங்கிய 'இந்தியன் லேடீஸ் மகசீன்' பத்திரிகையில்தான் 1905இல் வங்காளத்து முஸ்லிம் பெண்ணான ரொக்கேயாவின் 'சுல்தானாவின் கனவு' வெளியானது. ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் நாடொன்றைப் பற்றிய கதை அது. போதகர் குடும்பத்து மருமகள் அதை அச்சேற்றினார். 1906இல் சாமுவேல் யப்பானில் இறந்தபின் விதவையாகவும் பத்திரிகையைத் தொடர்ந்தார். இந்தக் குடும்பத்தின் பெருமை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பட்டங்களை விட்டுவிட்டு நான் அந்த 1905ஆம் வருட இதழைத்தான் காட்டுவேன்.

'சகுணா' 1896இலேயே தமிழில் வந்துவிட்டது. அந்தத் தமிழில் ராதா எப்படி அழுகிறாள் என்று பார்க்க ஆசை. பழைய பிரதி யாரிடமாவது இருந்தால், ஒரு போட்டோக்கொப்பி எடுத்துச் சஞ்சிகை முகவரிக்கு அனுப்புங்கள். தபால் செலவை நான் தருகிறேன்.