வி. கே. இராமசாமியின் முதுமை நடிப்பு

விருதுநகர் வாணிகத்தாற் பெயர்பெற்ற ஊர். அவ்வூரில் 1926 இல் பிறந்த வி. கே. இராமசாமி, இளமையிலேயே நாடகக் குழுவிற் சேர்ந்து, பின்னர் அரை நூற்றாண்டுக்கு மேல் திரைப்படங்களில் நடித்து, 2002 இல் மறைந்தார். முதியவர் வேடமே அவர்க்குப் பெரிதும் உரியதாயிற்று. எல்லாப் படங்களிலும் அவர் ஒருவராகவே தோன்றுகின்றார் என்று குறை கூறுவர் சிலர். அக்குறை பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' என்னும் நாடகமே 1947 இல் 'நாம் இருவர்' என்னும் படமாயிற்று. நாடகத்தில் தாம் ஏற்றிருந்த முதியவர் வேடத்தையே இராமசாமி படத்திலும் ஏற்றார். அப்போது அவருடைய வயது 21. வேடத்தின் வயதோ ஏறத்தாழ 60. மேடையில் தொலைவு நடிகனுக்குத் துணை செய்யும். திரையிலோ முகம் மிக அணித்தே காட்டப்பெறும். ஆதலின் ஒப்பனை மட்டும் போதாது. நரையை ஒப்பனை தரும். முதுமையைத் தந்தது அவருடைய இழுத்துப் பேசும் குரலே என்க.

நகை என்னும் மெய்ப்பாட்டிற்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்கள் வகுத்தார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். 'நாம் இருவர்' படத்துக் கள்ளச்சந்தை வணிகரைக் கண்டு நாம் நகுவது எள்ளலால். 'பட்டிக்காடா பட்டணமா' (1972) படத்தில், மனைவிக்கு அடங்கி ஒடுங்கும் தந்தையைக் கண்டு நகுவது பேதைமையால். அவரே தயாரித்த 'ருத்ர தாண்டவம்' (1978) படத்திலோ சிவபெருமானே அக்குரலிற் பேசுகின்றான்; ஆண்டுப் பெருமிதமும் நகையும் ஒருங்கு கலக்கின்றன. குரல் ஒன்றே, மெய்ப்பாடு வேறு. யாழ் ஒன்றாயினும் பண் பலவாதல் போன்றது இது.

உரையாடல் வலுவற்ற படங்கள் சிலவற்றில் அக்குரல் வெறும் பழக்கமாய் நின்றுவிட்டது என்பதை மறுத்தற்கில்லை. எனினும் அது பெரும்பாலும் எழுதினார் குறையேயன்றி, நடித்தார் குறையன்று.

நாடகத்தமிழ் ஆய்வு இன்றும் பெரும்பாலும் அச்சிட்ட நூல்களையே பற்றி நிற்கின்றது. எழுத்தில் ஒருபடித்தாய்த் தோன்றும் ஓர் உரையாடல், எள்ளலாவதும் பேதைமையாவதும் நடிகன் குரலிலேயே உள்ளது. படச்சுருள் அக்குரலை நமக்குக் காத்து வைத்துள்ளது. அதனைச் செவியுற்று ஆராயாத நாடக வரலாறு, பாட்டை விடுத்து ஏட்டை மட்டும் எண்ணிய வரலாறே ஆகும்.