சொல்லாமலே வரும் காபி

ஊரிலேயே நல்ல காபி எங்கே கிடைக்கும் என்று தேடி அலைகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. வீட்டில் கட்டியிருக்கும் லுங்கியோடு நடந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ஒரு கடை இருந்தால் போதும். காபி சுமாராக இருந்தாலும் பாதகமில்லை. வாயில் வைக்கவே முடியவில்லை என்றால் மட்டும் அடுத்த தெருவைப் பாருங்கள். ஒரு கடைக்கு வாடிக்கைக்காரராக இருக்கும் சுகம், ஒரே காபியை ஒரே நேரத்தில் மாதக்கணக்கில் குடித்த பிறகுதான் பிடிபடும். பத்துக் கடைகளில் குடித்தவருக்குப் பத்துக் கடைகளைத் தெரியும். ஒரே கடையில் நூறு நாள் குடித்தவருக்குத்தான் காபி தெரியும் என்பது என் கட்சி.

என் கடை, சென்னையில் ஒரு கோயில் மாடவீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பெயரைச் சொல்லமாட்டேன்; இப்போதே காலையில் நிற்க இடமில்லை. நாற்காலி கிடையாது. கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்கி, மாஸ்டருக்கு முன்னால் இருக்கும் ஈரமான எவர்சில்வர் மேடையில் வைக்க வேண்டும். புதிதாக வருகிறவர் டோக்கனை நீட்டியபடியே நிற்பார். பழகியவர் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். மாஸ்டரின் கை போய் வர இடம் வேண்டுமல்லவா?

அந்தக் கையைக் கொஞ்ச நாள் வேடிக்கை பாருங்கள். டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் டிகாக்ஷன், அதன்மேல் கொதிக்கும் பால். பிறகு டபராவுக்கும் டம்ளருக்கும் இடையில் இரண்டு வீச்சு. சர்க்கரை கரைவது, சூடு இறங்குவது, நுரை கட்டுவது ஆகிய மூன்று வேலையும் அந்த இரண்டு வீச்சில் முடிந்துவிடும். கையை முழுசாக நீட்டி ஆற்றும் 'மீட்டர் காபி' வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பதற்கானது. என் மாஸ்டர் நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்கமாட்டார். மேலே தூக்கினால் காபி ஆறிப்போகும், பக்கத்தில் நிற்பவர் சட்டையிலும் தெறிக்கும்.

அடுத்தது நேரம். பில்டரில் வெந்நீர் தன் கனத்தாலேயே பொடிக்குள் மெல்ல இறங்கிச் சொட்ட வேண்டும், அவசரப்பட்டால் நடக்காது. முதலில் இறங்குவது கெட்டி டிகாக்ஷன். அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுப்பது இரண்டாவது. அதில் நிறம் இருக்கும், மணம் இருக்காது. கூட்டம் நெருக்கும்போது இரண்டாவதை முதலோடு கலக்காத கடை எங்காவது இருக்கலாம், நான் பார்த்ததில்லை. அதனால் நான் காலை 6.15-க்குப் போவேன். எட்டரை மணிக்கு அதே கடையில், அதே கையால், அதே விலைக்கு வேறொரு காபி கிடைக்கும். நாலு மணி வாக்கில் மறுபடி புது டிகாக்ஷன் இறங்கும். இதை யாரும் சொல்லித் தரமாட்டார்கள். மூன்று வாரம் வெவ்வேறு நேரத்தில் போய்ப் பார்த்து, உங்கள் நேரத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

சிக்கரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு செடியின் வேர். வறுத்து அரைத்துக் காபிப் பொடியோடு கலக்கிறார்கள். அதில் கஃபீன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் லேசான கருகல் இனிப்பும் உண்டு. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். சிக்கரி என்றாலே முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கூட்டம் இல்லை. பாலும் சர்க்கரையும் சேரும் நம் காபிக்குக் கொஞ்சம் சிக்கரி இருந்தால்தான் நாக்கில் நிற்கும். அளவு மீறினால் குடித்து முடித்த பிறகு தொண்டையில் ஒரு கசந்த பிசுபிசுப்பு தங்கும்.

ஒரு முறை எங்கள் கடையில் அந்தப் பிசுபிசுப்பு தட்டுப்பட்டது. 80-20 கலவை 70-30 ஆகியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். விலை மாறவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் மட்டும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கல்லாவை ஒரு பார்வை பார்த்தார். பத்து நாள் கழித்துக் காபிக்கு இரண்டு ரூபாய் ஏறியது. பழைய ருசியும் திரும்பி வந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. தினமும் ஒரே காபி குடிப்பவருக்கு மட்டுமே கிடைக்கும் செய்தி இது.

பால் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. 'டிகிரி காபி' என்ற பெயர், பாலின் தரத்தைப் பார்க்கும் பால்மானியின் டிகிரியிலிருந்து வந்தது என்பார்கள். சிக்கரிதான் வாயில் திரிந்து டிகிரி ஆனது என்று சொல்பவர்களும் உண்டு. எது சரியானாலும், நெடுஞ்சாலை நெடுகக் கும்பகோணத்தின் பெயரை எழுதி வைத்து, பித்தளை டபராவில் கொடுப்பதால் மட்டும் காபி டிகிரி ஆகிவிடாது. தண்ணீர் கலக்காத பால் வேண்டும், அன்று கறந்ததாக இருக்க வேண்டும், திரும்பத் திரும்பக் காய்ச்சியதாக இருக்கக் கூடாது. கோடையில் பால் நீர்த்துப்போவதையும் மழைக்காலத்தில் கெட்டிப்படுவதையும் நாக்கு தானே குறித்துக்கொள்ளும்.

இனி பேச்சு. ஸ்ட்ராங், மீடியம், லைட், சர்க்கரை கம்மி, வித்தவுட், பை டூ என்று காபிக் கடையின் மொழி சின்னது. நான் இரண்டு மாதம் 'ஸ்ட்ராங், சர்க்கரை கம்மி' என்று தினமும் சொன்னேன். பிறகு 'ஸ்ட்ராங்' என்று மட்டும். ஒருநாள் தெருவைக் கடக்கும்போதே மாஸ்டர் என் டம்ளரை எடுத்து வைப்பதைப் பார்த்தேன். பரிசு வாங்கியதுபோல இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை, நீங்களும் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொன்ன மறுநாள் "மாஸ்டர், இனிமே வித்தவுட்" என்று மெதுவாகத்தான் சொன்னேன். "என்ன சார், எவ்வளவு இருக்கு?" என்று அவர் பாய்லர் சத்தத்தையும் மீறிக் கேட்டார். மொத்தக் கடைக்கும் என் சுகர் தெரிந்துபோனது. ஒருவர் வெந்தயத்தை ஊற வைக்கச் சொன்னார். இன்னொருவர் தன் டாக்டரின் விலாசத்தை டோக்கனின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் பழக்கதோஷத்தில் மாஸ்டர் நாலு நாள் சர்க்கரை போட்டார். நாலு நாளும் நான் அதைக் குடித்தேன்.

அங்கே வருகிறவர்களில் பாதிப் பேரின் பெயர் எனக்குத் தெரியாது. வித்தவுட் சார், ரெண்டு டபரா மாமா, தூக்கில் வாங்கிப் போகும் பார்சல் அக்கா, இப்படித்தான் அடையாளம். என்ன உத்தியோகம், எவ்வளவு சம்பளம் என்று கேட்பது அழகல்ல. இரண்டு நாள் காணவில்லையென்றால் "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்கலாம், அதுவே நிறைய. பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். உங்களுக்கு வரி விளம்பரப் பக்கம் வந்தாலும் படித்துவிட்டு மடித்துக் கொடுங்கள். அரசியல் பேசலாம், ஆனால் டம்ளர் காலியானதும் நிறுத்திவிட வேண்டும்.

இப்படித் தோளோடு தோள் நின்று குடிப்பது நம் ஊரில் அத்தனை பழைய வழக்கமில்லை. காபி கிளப்புகள் பெருகிய காலத்தில் யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால், பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மறியல் செய்தார்கள். காபி தமிழ் வாழ்வுக்குள் நுழைந்த கதையை அறிய, ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலைப் படியுங்கள். இன்றைக்கும் காலை ஆறு மணிக்கு எங்கள் கடை வாசலில் நின்று குடிக்கும் பெண்களை விரல்விட்டு எண்ணலாம். பார்சல் அக்கா ஏன் எப்போதும் பார்சலே வாங்குகிறார் என்பது எனக்கு வெகுநாள் உறைக்கவில்லை.

உட்கார்ந்து குடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. 1950-களில் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் முன்முயற்சியில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து அவற்றைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். விசிறித் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்களைப் பார்ப்பதற்கே போகலாம். புதுச்சேரி நேரு வீதியில் இருப்பது, யான் மார்ட்டெலின் 'லைஃப் ஆஃப் பை' நாவலின் முன்னுரையிலும் வருகிறது. அங்கெல்லாம் காபியைவிட நாற்காலிதான் முக்கியம்.

போன மாதம் மாஸ்டர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் நின்ற பையன் ஆற்றிய காபியில் நுரை பெரிய பெரிய குமிழாக நின்று உடனே உடைந்தது. எல்லோரும் பேசாமல் குடித்தோம். மூன்றாம் நாள் ரெண்டு டபரா மாமா அவனிடம், "தம்பி, கையை இவ்வளவு தூக்காதே" என்றார். ஐந்தாம் நாள் தேவலை. மாஸ்டர் திரும்பி வந்து முதல் காபியைத் தானே ஆற்றி, தானே குடித்துவிட்டு, பையனை மாலை நேரத்துக்கு வைத்துக்கொண்டார்.

நாளைக் காலையே தொடங்குங்கள். சில்லறையோடு போங்கள். ஒரு காபிக்கு ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவரைக் கல்லாவில் இருப்பவருக்கு நன்றாகவே ஞாபகமிருக்கும், ஆனால் நீங்கள் விரும்பும் விதத்தில் இருக்காது.