ஏழு சங்கீதங்களும் லெந்து கால ஜெபமும்

லெந்து காலம் நெருங்குந்தோறும் ஆயர்மார் முன் எழும் வினா ஒன்றுண்டு: இவ்வாண்டு சபையாருக்கு எவ்வித ஜெப முறையைக் கொடுப்பது? சங்கிலி ஜெபம், முழு இரவு ஜெபம், வீட்டுக் கூட்டங்கள், நாற்பது நாள் தியான நூல் எனப் பல முறைகள் நம்மிடையே வழங்கி வருகின்றன. இவற்றை இகழ்வது நம் நோக்கமன்று. எனினும், விடுபட்ட ஆறு நாட்களின் தியானங்களை ஏழாம் நாள் ஒரே மூச்சில் வாசித்து முடிக்கும் பழக்கம் சபையாரிடம் மட்டுமே காணப்படுவது என நாம் சொல்லத் துணியோம். ஆண்டுதோறும் புதியதைத் தேடும் நாம், கையிலிருந்த பழைய முறை ஒன்றை மறந்துவிட்டோம்.

மேலைத் திருச்சபை 6, 32, 38, 51, 102, 130, 143 ஆகிய ஏழையும் மனந்திரும்புதலின் சங்கீதங்கள் எனத் தொகுத்து நெடுங்காலம் ஜெபித்து வந்தது. கி.பி. 430இல் மரணப் படுக்கையிலிருந்த அகுஸ்தீன், மனந்திரும்புதலைக் குறித்த தாவீதின் சங்கீதங்கள் சிலவற்றை எழுதுவித்துச் சுவரில் மாட்டச்செய்து கண்ணீருடன் வாசித்தார் என அவர் சரிதையை எழுதிய பொசிடியு கூறுகிறார். ஆறாம் நூற்றாண்டில் கசியோதோர் தம் சங்கீத உரையில் இவ்வேழையும் எண்ணிக் காட்டினார். மார்ட்டின் லுத்தர் 1517இல், தொண்ணூற்றைந்து கோட்பாடுகளுக்குச் சில மாதங்கள் முன்னரே, இவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையுடன் வெளியிட்டார். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் சாம்பற்புதன் காலைக்கு 6, 32, 38 என்பவற்றையும், மாலைக்கு 102, 130, 143 என்பவற்றையும் நியமித்து, 51ஐ அந்நாளின் சிறப்பு ஆராதனையில் வைத்தது. ஆகவே சீர்திருத்தத் திருச்சபைகள் இவற்றைக் கைவிடவில்லை. நாமே கைநழுவ விட்டோம்.

இவற்றை மீட்டெடுக்க வேண்டும் என்பதே நம் கருத்து. ஆயினும் இத்தொகுப்பை ஆராயாமல் ஏற்பது தகாது. ஏழு என்னும் தொகை திருமறை தந்ததன்று. பிற்காலத் திருச்சபை வகுத்தது. 6ஆம் சங்கீதத்தில் பாவ அறிக்கை எனத்தக்க சொல் ஒன்றுமில்லை. அங்கே நாம் காண்பது இரவெல்லாம் அழுது களைத்த ஒரு நோயாளியை. 102இன் தலைப்போ, அது துயருறும் எளியவனின் விண்ணப்பம் என்றே அறிவிக்கிறது. 38இல் நோயும் பாவமும் பிணைந்து நிற்கின்றன. லுத்தர் எஞ்சிய நான்கையும், அதாவது 32, 51, 130, 143 என்பவற்றை, பவுலின் சங்கீதங்கள் எனத் தனித்துப் பாராட்டியது தற்செயலன்று. எனவே நான்கு அறிக்கையிடுகின்றன; மூன்று புலம்புகின்றன.

இவ்வேறுபாட்டை மறந்தால் விளையும் தீங்கு சிறிதன்று. தீரா நோயால் வாடும் ஒரு தாயின் கட்டிலருகே 38ஐ வாசித்துவிட்டு, அறிக்கையிடாத பாவம் ஏதேனும் உண்டோ என வினவிய ஊழியரை நாம் கண்டதுண்டு. யோபுவின் நண்பர்களும் இதையே செய்தனர். யோவான் 9இல் சீஷர்கள் இவ்வினாவை எழுப்பியபோது ஆண்டவர் அதனை ஏற்கவில்லை.

மறுபுறம், குற்றமிழைத்தோர் தப்பிக்கும் வழியும் உண்டு. 51இன் தலைப்பு நாத்தான் தாவீதிடம் வந்ததைச் சுட்டுகிறது. ஆனால் சங்கீதத்துள் உரியாவின் பெயரில்லை. தேவன் ஒருவருக்கே விரோதமாகப் பாவஞ்செய்ததாகத் தாவீது சொல்லுகிறான். எப்பாவமும் முடிவில் தேவனுக்கு எதிரானதே என உரையாசிரியர் விளக்குவர். ஏற்போம். ஆயினும் சபை இதை ஜெபிக்கும்போது உரியா கண்ணுக்கு மறைந்துபோகிறான். ஆகையால் 2 சாமுவேல் 12ஐ உடன் வாசியாமல் இச்சங்கீதத்தை ஜெபிக்கலாகாது என்போம். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சாதி வேற்றுமையைச் சபைகள் விட்டொழிக்க வேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அதன்பின் எத்தனை சாம்பற்புதன்கள் கடந்தன! அடக்கம் செய்யும் நிலத்திலும் வேற்றுமை காத்த சபைகள் அந்நாட்களிலும் 51ஐ உருக்கமாகவே ஜெபித்தன. எப்பாவம், எவருக்கு எதிரானது எனப் பெயர் சொல்லாத ஜெபம் உருக்கமானதாயிருக்கலாம், அறிக்கையாகாது.

சாம்பற்புதன் முதல் சனி வரையுள்ள நான்கு நாட்களையும், தொடரும் ஆறு வாரங்களையும் கூட்டினால் ஏழு பகுதிகளாகும். பகுதிக்கு ஒரு சங்கீதம் போதும். காலையும் மாலையும் அதையே, வேறெதையும் சேர்க்காமல், மெதுவாக வாய்விட்டு ஜெபிக்கலாம். எண் வரிசை கட்டாயமன்று. 51இல் தொடங்கி, 130ஐப் பாடுகளின் வாரத்திற்கு வைத்துக்கொள்ளலாம். விடியலுக்குக் காத்திருக்கும் காவலரின் சங்கீதம் உயிர்த்தெழுதலின் நாளுக்கு முன் நிற்பது பொருத்தமே. 102இன் வாரத்தில் மட்டும், ஆலயத்திற்கு வர இயலாத நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று, அவர்களையே அதை வாசிக்கச் சொல்லி நாம் கேட்டிருக்கலாம். அங்கே விளக்கவுரை வேண்டியதில்லை.